முதுகுத்தண்டு வட்டின் உயிர்ப்பு: செல்களின் பணியும் உணவு வழியும்

முன்னுரை

சென்னை ஆதம்பாக்கத்தில் குடியிருப்போரில் பலருக்குப் பகல்பொழுது வெளியிடங்களில்தான் கழிகிறது. கிண்டி தொழிற்பேட்டைக்குப் போவோர் உண்டு. வேளச்சேரி, தரமணி வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களுக்கு இருசக்கர வாகனத்தில் போவோர் உண்டு. பரங்கிமலையில் ரயிலேறித் தியாகராய நகரின் துணிக்கடைகளுக்குப் போவோரும் உண்டு. நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கும் நாளெல்லாம் நிற்பவருக்கும் பொதுவாக வந்து சேரும் உபாதை இடுப்புவலி. வலி வாரக்கணக்கில் நீடித்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். ‘எல்4–எல்5 டிஸ்க்கில் தேய்மானம்’ என்று அறிக்கை வருகிறது. படித்த கணமே, உழைத்து உழைத்து டிஸ்க் தேய்ந்துவிட்டது, தேய்ந்தது திரும்பாது, இனி அசையாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் வீட்டில் வேரூன்றிவிடுகிறது.

அந்த எண்ணத்தை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு (டிஸ்க்) உயிருள்ள திசு. அதற்குள் வாழும் மிகச் சில செல்கள் அதன் இடைப்பொருளை நாள்தோறும் உண்டாக்கியும் பழுதானதை அகற்றியும் அதைக் காத்து வருகின்றன. அச்செல்களுக்கு உணவு வரும் வழி திறந்திருக்கும்வரை வட்டு நிலைக்கிறது. அவ்வழி அடைபடும்போது சிதைவு விரைகிறது. இதை உயிருள்ள மனிதரின் முதுகெலும்பில் படம்பிடித்துக் காட்டிய ஆய்வுகளுள் முக்கியமானவை தமிழ்நாட்டில், கோயம்புத்தூரில் நடந்தவை.

உலக நோய்ச்சுமை ஆய்வின் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியுடன் வாழ்ந்தனர். 2050இல் அத்தொகை 84.3 கோடியாகும் என அதே ஆய்வு மதிப்பிடுகிறது. எல்லா இடுப்புவலியும் வட்டிலிருந்து வருவதில்லை. தசை, மூட்டு, நரம்பு, மனச்சுமை எனக் காரணங்கள் பல. இக்கட்டுரை வட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அமைப்பு, செல்களின் வகையும் பணியும், உணவு வழி, சிதைவின் போக்கு, அன்றாட வாழ்வின் பங்கு, செல் சிகிச்சையின் இன்றைய நிலை என்ற வரிசையில் ஆராய்கிறது.

1. வட்டின் அமைப்பு

1.1 இடமும் எண்ணிக்கையும்

மனித முதுகுத்தண்டில் 23 வட்டுகள் உள்ளன. கழுத்தின் இரண்டாம், மூன்றாம் முள்ளெலும்புகளுக்கு இடையே முதல் வட்டும், இடுப்பின் ஐந்தாம் முள்ளெலும்புக்கும் திரிக எலும்புக்கும் இடையே கடைசி வட்டும் அமைந்துள்ளன. தண்டின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு இவ்வட்டுகளால் ஆனது. இடுப்புப் பகுதி வட்டுகளே அளவில் பெரியவை. உடலின் மேற்பாதியின் எடையை ஏற்பவையும் அவையே. சிதைவும் விலகலும் எல்4–எல்5, எல்5–எஸ்1 என்னும் கடைசி இரண்டு வட்டுகளில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

1.2 மூன்று பகுதிகள்

வட்டின் நடுவே கூழ் போன்ற பகுதி உள்ளது. இதை நடுக்கூழ் எனலாம். அதைச் சுற்றி 15 முதல் 25 அடுக்குகளாக நார் வளையம் அமைந்துள்ளது. ஒவ்வோர் அடுக்கிலும் கொலாஜன் நார்கள் கிடைமட்டத்திலிருந்து சுமார் 30 பாகை சாய்ந்து ஓடுகின்றன. அடுத்த அடுக்கில் அதே சாய்வு எதிர்த்திசையில் இருக்கிறது. உடல் வலப்பக்கம் திரும்பும்போது ஒரு தொகுதி நார்களும், இடப்பக்கம் திரும்பும்போது மறு தொகுதி நார்களும் இறுகித் தாங்குகின்றன. மூன்றாவது பகுதி, வட்டின் மேலும் கீழும் எலும்பை ஒட்டிப் படிந்திருக்கும் ஒரு மில்லிமீட்டர் அளவேயான குருத்தெலும்புத் தகடு. மெல்லிய இத்தகட்டைப் பற்றிக் கட்டுரையின் நான்காம் பகுதி விரிவாகப் பேசும்.

1.3 நீரைப் பிடித்து வைக்கும் வேதியியல்

பிறந்த குழந்தையின் நடுக்கூழில் 90 விழுக்காடு வரை நீர். இளமையில் அது 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது; முதுமையில் 70 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. இந்நீரைப் பிடித்து வைப்பது அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறு. அதன் கிளைகளில் எதிர்மின்னூட்டம் செறிந்திருப்பதால் சோடியம் முதலிய அயனிகள் அங்கே குவிகின்றன. அயனிகளைத் தொடர்ந்து நீர் உள்ளே வருகிறது. கொலாஜன் வலை அந்த வீக்கத்திற்கு எல்லை கட்டுகிறது. வீங்க முயலும் கூழும் அதை இறுக்கிப் பிடிக்கும் வளையமும் எதிரெதிராக நிற்பதில்தான் வட்டின் வலிமை இருக்கிறது. அக்ரிகன் குறைந்தால் நீர் குறையும். நீர் குறைந்தால் உயரம் குறைந்து, சுமை நார் வளையத்தின் மேலும் பின்புற மூட்டுகளின் மேலும் ஏறும்.

அக்ரிகனையும் கொலாஜனையும் உண்டாக்குபவை செல்கள்.

2. வட்டில் வாழும் செல்கள்

2.1 மிகச் சிலவே

வட்டின் பருமனில் செல்களின் பங்கு ஒரு விழுக்காட்டை ஒட்டியது. நார் வளையத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 9,000 செல்களும், நடுக்கூழில் அதில் ஏறத்தாழ பாதியும் உள்ளன. மீதமுள்ள 99 பங்கும் அச்செல்கள் உண்டாக்கிய இடைப்பொருள். ஒவ்வொரு செல்லும் தன்னைவிடப் பல மடங்கு பெரிய பரப்பைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே சில செல்கள் இறந்தாலும் இழப்பு பெரிது.

2.2 முதுகுநாண் செல்கள்

கருவில் முதுகெலும்பு உருவாவதற்கு முன்பே முதுகுநாண் தோன்றுகிறது. எலும்புகள் உருவாகும்போது அது பெரும்பாலும் மறைந்து, வட்டுகளின் நடுவில் மட்டும் எஞ்சி நடுக்கூழாகிறது. குழந்தைப் பருவத்தில் அங்கே பெரிய, குமிழிகள் நிறைந்த முதுகுநாண் செல்கள் காணப்படுகின்றன. மனிதரில் இவை ஏறத்தாழ பத்து வயதுக்குள் மறைந்து, குருத்தெலும்புச் செல்களை ஒத்த சிறிய செல்கள் அவ்விடத்தில் நிற்கின்றன.

விலங்குகளை ஒப்பிட்டால் இம்மாற்றத்தின் பொருள் விளங்கும். பன்றி, முயல் போன்றவற்றில் முதுகுநாண் செல்கள் வளர்ந்த பின்னும் நீடிக்கின்றன. நாய்களிலோ இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. குட்டைக்கால் கொண்ட டாக்ஸ்ஹண்ட், பீகிள் போன்ற இனங்கள் இச்செல்களை இளமையிலேயே இழக்கின்றன; அவ்வினங்களில் வட்டுச் சிதைவும் விலகலும் இளவயதிலேயே வருகின்றன. செல்களை நீண்டகாலம் தக்கவைக்கும் இனங்களில் அந்நோய் தாமதமாகிறது. இவ்வொப்பீடு ஒன்றே முழுச் சான்றாகாது. எனினும் முதுகுநாண் செல்கள் இருக்கும்வரை நடுக்கூழ் செழித்திருக்கிறது என்ற கருத்துக்கு அது வலுச்சேர்க்கிறது.

2.3 நடுக்கூழ்ச் செல்கள்

வளர்ந்த மனிதரின் நடுக்கூழ்ச் செல்கள் வாழும் சூழல் கடுமையானது. வட்டின் நடுவில் ஆக்சிஜன் அளவு ஒரு விழுக்காடு வரை இறங்கக்கூடும்; நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 விழுக்காடு. உப்புச் செறிவு இரத்தத்தைவிட மிகுதி. அமிலத்தன்மையும் கூடுதல்.

இச்சூழலில் வாழ்வதற்கான ஏற்பாடு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. உடலின் பிற செல்களில் ஆக்சிஜன் குறையும்போது மட்டும் நிலைபெறும் ஹெச்.ஐ.எஃப்-1 என்னும் புரதம், நடுக்கூழ்ச் செல்களில் எப்போதும் செயல்பட்டுக்கொண்டே இருக்கிறது. பிலடெல்பியாவின் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தில் மகரந்த் ரிஸ்புட், இர்விங் ஷாபிரோ ஆகியோரின் குழு இதை விரிவாக ஆராய்ந்துள்ளது. ஆக்சிஜனை நம்பாமல் குளுக்கோஸை உடைத்தே இச்செல்கள் ஆற்றல் பெறுகின்றன. உப்புச் செறிவு ஏறும்போது டான்-ஈ.பி.பி. என்னும் மற்றொரு புரதம் விழித்து, செல்லைக் காப்பதோடு அக்ரிகன் ஆக்கத்தையும் தூண்டுகிறது. நீர் வெளியேறி உப்பு செறிந்தால், நீரைப் பிடிக்கும் பொருளைக் கூடுதலாக ஆக்கு என்ற கட்டளை செல்லுக்குத் தானாகவே கிடைக்கிறது.

2.4 நார் வளையத்தின் செல்களும் தகட்டின் செல்களும்

நார் வளையத்தின் வெளிப்புறச் செல்கள் நீண்டு மெலிந்தவை. நார்களின் திசையிலேயே கிடந்து, முதல் வகைக் கொலாஜனை உண்டாக்குகின்றன. உட்புறச் செல்கள் உருண்டு, இரண்டாம் வகைக் கொலாஜனையும் அக்ரிகனையும் ஆக்குகின்றன. குருத்தெலும்புத் தகட்டின் செல்கள் தகட்டை மெலிதாகவும் ஊடுருவத்தக்கதாகவும் வைத்திருக்கின்றன. அதில் சுண்ணாம்பு படியாமல் காப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு.

2.5 முன்னோடிச் செல்கள்

வளர்ந்தவரின் நடுக்கூழிலும் புதுச் செல்களைத் தரவல்ல ஒரு சிறு தொகுதி இருக்கிறது. ஜப்பானின் டோக்காய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டைசுகே சகாய் குழுவினர் 2012இல் இதை வெளியிட்டனர். டை2 என்னும் ஏற்பியைத் தாங்கிய இந்த முன்னோடிச் செல்கள் வயது ஏற ஏறவும், சிதைவு முற்ற முற்றவும் குறைந்துபோவதை அவர்கள் கண்டனர். தன்னைத்தானே புதுப்பிக்கும் திறன் வட்டுக்கு உண்டு என்பதும், அத்திறன் அளவுக்கு உட்பட்டது என்பதும் இவ்வாய்வால் தெளிந்தன.

3. செல்கள் செய்யும் காவல்

3.1 ஆக்கமும் அகற்றலும்

நலமான வட்டில் செல்கள் இரு வேலைகளையும் சேர்த்துச் செய்கின்றன. புது அக்ரிகனையும் கொலாஜனையும் ஆக்குகின்றன; பழுதானவற்றை எம்.எம்.பி., அடாம்ட்ஸ் முதலிய நொதிகளால் வெட்டி அகற்றுகின்றன. இரண்டும் சமநிலையில் இருக்கும்வரை வட்டு நிலைக்கிறது.

இப்பணி மிக மெதுவானது. மனித வட்டின் அக்ரிகனில் பாதி மாறுவதற்கு நலமான நிலையில் ஏறத்தாழ 12 ஆண்டுகளும், சிதைந்த நிலையில் 8 ஆண்டுகளும் ஆவதாக 2006இல் வெளியான ஆய்வு கணித்தது. கொலாஜனுக்கு அக்காலம் 95 ஆண்டுகளையும் தாண்டுகிறது. இளமையில் நெய்யப்பட்ட கொலாஜன் நார்களோடுதான் ஒருவர் வாழ்நாள் முழுவதும் நடமாடுகிறார். ஒரு மாதப் பயிற்சியால் வட்டைப் புதுப்பித்துவிடலாம் என்று சொல்பவரை நம்ப இடமில்லை என்பதற்கும், பல ஆண்டுகள் தொடரும் பழக்கத்தின் அருமைக்கும் இக்கணக்கே சான்று.

3.2 சுமையை உணர்தல்

செல்களுக்குச் சுமை உணவைப் போலவே தேவையானது. மிதமான, விட்டுவிட்டு வரும் அழுத்தம் செல்களை ஆக்கத்தின் பக்கம் திருப்புகிறது. அளவு மீறிய சுமையும், இடைவிடாத சுமையும், அறவே சுமையின்மையும் அவற்றை அகற்றலின் பக்கம் திருப்புகின்றன. அசையாமல் கிடந்தால் வட்டு பிழைக்கும் என்ற நம்பிக்கை இங்கே தோற்கிறது.

3.3 நரம்புக்கும் குருதிநாளத்துக்கும் அணை

நலமான வட்டில் நரம்பு முனைகள் நார் வளையத்தின் வெளி விளிம்போடு நின்றுவிடுகின்றன, குருதிநாளங்களும் அப்படியே. அக்ரிகன் செறிந்த இடைப்பொருளுக்கு நரம்பு வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டுள்ளது. அக்ரிகன் கரைந்த வட்டில் விரிசல்களின் வழியே நாளங்களும் அவற்றோடு நரம்புகளும் உட்புகுகின்றன. முன்பு வலியை உணராத இடம் அப்போது வலியை உணரத் தொடங்குகிறது. செல்கள் ஆக்கும் அக்ரிகன் நீரைத் தேக்கி வைப்பதோடு வலியையும் விலக்கி வைக்கிறது.

4. உணவு வழி: குருத்தெலும்புத் தகடு

4.1 குருதி எட்டாத இடம்

வளர்ந்தவரின் உடலில் ஏறத்தாழ குருதிநாளமே இல்லாத மிகப் பெரிய திசு வட்டு. நடுக்கூழின் மையத்திலுள்ள செல்லுக்கும் மிக அருகிலுள்ள குருதிநாளத்துக்கும் இடையே 7 அல்லது 8 மில்லிமீட்டர் தொலைவு. பெரும்பாலான திசுக்களில் எந்தச் செல்லும் நாளத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னமளவு தொலைவிலேயே இருக்கும். முள்ளெலும்பின் நுண்குழாய்கள் தகட்டின் ஓரம்வரை வந்து நிற்கின்றன. அங்கிருந்து குளுக்கோஸும் ஆக்சிஜனும் தகட்டைக் கடந்து, இடைப்பொருளினூடே ஊறிச் சென்று செல்லை அடைகின்றன; கழிவான லாக்டிக் அமிலம் அதே வழியில் திரும்புகிறது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துபோனால், கரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஏரி வற்றும். தகடு அடைபட்ட வட்டின் நிலை அதுவே.

4.2 பட்டினியின் எல்லை

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜில் அர்பன், ஹெதர் ஹார்னர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. நடுக்கூழ்ச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, உணவு வரும் தொலைவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். ஆக்சிஜன் இன்றியும் செல்கள் பல நாட்கள் உயிர் வாழ்ந்தன. ஆனால் அக்ரிகன் ஆக்கம் குன்றியது. குளுக்கோஸ் லிட்டருக்கு 0.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியபோது சில நாட்களில் இறந்தன. அமிலம் கூடியபோது இறப்பு மேலும் விரைந்தது. ஒரு வட்டு எத்தனை செல்களைத் தாங்கும் என்பதை உணவு வரத்தே தீர்மானிக்கிறது என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு. செல் சிகிச்சையை மதிப்பிடவும் இம்முடிவு தேவைப்படும்.

4.3 கோவை ஆய்வு, 2004

ஆய்வகத்தில் கண்டதை உயிருள்ள மனிதரில் காண்பது எப்படி? கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டனர். காடோலினியம் கலந்த மருந்தைக் குருதிநாளத்தில் செலுத்தி, 24 மணி நேரம்வரை அடுத்தடுத்து எம்.ஆர்.ஐ. படங்கள் எடுத்தனர். மருந்து முள்ளெலும்பில் ஐந்து நிமிடங்களிலேயே உச்சத்தை எட்டியது. தகட்டைக் கடந்து நலமான நடுக்கூழின் மையத்தில் உச்சம் எட்ட ஆறு மணி நேரம் ஆனது. வட்டுச் செல்லுக்கு உணவு எவ்வளவு மெதுவாகப் போய்ச் சேர்கிறது என்பதை இந்த இடைவெளி கண்முன் நிறுத்தியது.

தகடு முறிந்தோ சிதைந்தோ இருந்த இடங்களில் இப்போக்கு மாறியிருந்தது. தகட்டின் நிலையே ஊடுருவலைக் கட்டுப்படுத்துகிறது என்று நிறுவிய அவ்வாய்வு, இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் பரிசைப் பெற்றது. அதுவரை நீரின் அளவைப் பார்த்தே வட்டை மதிப்பிட்டு வந்த மருத்துவர்களின் கவனம் தகட்டின் பக்கம் திரும்பியது.

4.4 வழியை அகலப்படுத்த முடியுமா?

2008இல் அக்குழு 365 இடுப்பு வட்டுகளைக் கொண்ட மற்றோர் ஆய்வை வெளியிட்டது. குருதிநாளங்களை விரிக்கும் நிமோடிபின் என்னும் மருந்தைக் கொடுத்தபோது வட்டுக்குள் ஊடுருவல் கூடியது. வெறும் வயதால் மாறிய வட்டையும் நோயால் சிதைந்த வட்டையும் ஊடுருவலின் போக்கைக் கொண்டு வேறுபடுத்த முடியும் என்பதும் அதில் காட்டப்பட்டது. நிமோடிபின் இடுப்புவலிக்கான மருந்தாக ஆகிவிடவில்லை. யாரும் அதைத் தாமாக உட்கொள்ளக் கூடாது. உணவு வழி மாறாத ஒன்றன்று, அதை மேம்படுத்த இயலும் என்ற கொள்கை நிறுவப்பட்டதே அவ்வாய்வின் பயன்.

4.5 விலகலும் தகட்டில் தொடங்குவது

நார் வளையம் கிழிந்து கூழ் பிதுங்குவதே டிஸ்க் விலகல் என்பது நெடுநாள் கொள்கை. கோவைக் குழு 2013இல் வட்டு விலகிய 181 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 117 பேரிடம், அதாவது 65 விழுக்காட்டினரிடம், பழுது தகடும் எலும்பும் சேரும் இடத்தில் இருந்தது. நார் வளையம் மட்டுமே கிழிந்திருந்தவர்கள் 11 விழுக்காட்டினர். இவ்வாய்வும் அதே பன்னாட்டுப் பரிசைப் பெற்றது. செல்லுக்கு உணவளிக்கும் வாயிலும் வட்டு முறியும் இடமும் ஒன்றாகவே இருப்பதால், தகட்டைக் காப்பது இருவகையிலும் முதன்மையாகிறது.

5. சிதைவின் போக்கு

5.1 காலவரிசை

நார்பர்ட் பூஸ் தலைமையில் 2002இல் வெளியான ஆய்வு, கருப்பருவம் முதல் முதுமைவரையிலான இடுப்பு வட்டுகளை நுண்ணோக்கியில் வரிசைப்படுத்தியது. தகட்டில் குழந்தைப் பருவத்தில் இருந்த குருதிநாளங்கள் பதின்ம வயதின் முற்பகுதிக்குள் மறைந்துவிடுகின்றன. 11 முதல் 16 வயதுக்குள்ளேயே நடுக்கூழில் சிதைவின் முதல் தடயங்கள் தென்படுகின்றன. உடலின் பிற திசுக்கள் இளமையின் உச்சத்தை எட்டும் முன்பே வட்டு முதுமையின் வாயிலைத் தொடுகிறது.

5.2 செல் தன் வீட்டை அழிக்கும் நிலை

உணவு குறைந்து, அமிலம் தேங்கி, சுமை மிஞ்சும்போது செல்கள் அழற்சிக் குறிமொழிகளை வெளியிடுகின்றன. இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவை நொதிகளைப் பெருக்கி அக்ரிகன் ஆக்கத்தை ஒடுக்குகின்றன. அக்ரிகன் கரைய, நீர் வடிய, சுமை சமமின்றிப் பரவ, செல்கள் மேலும் துன்புற்று மேலும் அழற்சியை வெளியிடுகின்றன. சில செல்கள் இறக்கின்றன. வேறு சில இறவாமல், பெருகும் திறனை இழந்த முதுசெல்களாக நின்று, சுற்றியுள்ள செல்களையும் கெடுக்கின்றன. இச்சுழலைத் தொடக்கத்திலேயே அறுப்பதுதான் தடுப்பு மருத்துவத்தின் இலக்கு.

5.3 மரபும் தொற்றும்

பின்லாந்து இரட்டையர்களை ஆராய்ந்த மிஷல் பாட்டியே, டாப்பியோ விடேமான் குழுவினர், வேலையின் சுமையைவிடப் பிறப்பில் வந்த மரபு சிதைவில் பெரும்பங்கு வகிப்பதை 1995இல் காட்டினர். கடின உழைப்பாளியின் வட்டு நலமாகவும், மேசைப் பணியாளரின் வட்டு சிதைந்தும் இருப்பது இதனால்தான். நோயாளி தன்னையே நொந்துகொள்ளத் தேவையில்லை என்பதும் இதன் பொருள்.

நுண்கிருமிகளுக்குப் பங்குண்டா என்பது இன்னும் விவாதத்தில் உள்ள கேள்வி. கோவைக் குழு 2017இல் வட்டுகளின் புரதங்களைப் பகுத்து, பாக்டீரியப் புரதங்களையும் அவற்றை எதிர்க்கும் உடலின் புரதங்களையும் கண்டதாக வெளியிட்டது. டென்மார்க்கில் 2013இல் நடந்த சோதனை, எலும்பு மஜ்ஜை மாற்றமுள்ள நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன் தந்ததாகக் கூறியது. நார்வேயில் 2019இல் நடந்த சோதனையில் அத்தகைய குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை. ஆகவே இடுப்புவலிக்கு நுண்ணுயிர்க்கொல்லியை வழக்கமான மருந்தாகக் கொள்ள இன்று போதிய அடிப்படை இல்லை.

5.4 படமும் வலியும்

வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினரிடமும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினரிடமும் வட்டுச் சிதைவு காணப்பட்டது. எனவே அறிக்கையில் உள்ள ‘தேய்மானம்’ வலிக்குக் காரணம் என்று தானாகவே முடிவு செய்ய முடியாது. மருத்துவர் உடலைத் தொட்டுப் பார்த்து, படத்தோடு பொருத்திச் சொல்வதே தீர்ப்பு.

விலகிய துண்டுகள் பல காலப்போக்கில் சுருங்குவதும் உண்டு. வட்டிலிருந்து வெளியேறிக் குருதியைத் தொட்ட துண்டை மேக்ரோபேஜ் என்னும் காவல் செல்கள் சூழ்ந்து கரைக்கின்றன. காலில் பரவும் வலியோடு வருபவர்களில் பெரும்பாலோர் அறுவையின்றியே தேறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சிறுநீர் அடைபடுதல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், தொடைகளின் நடுவே மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை அவசர அறிகுறிகள். அவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

6. அன்றாட வாழ்வும் வட்டுச் செல்லும்

6.1 அழுத்தத்தின் அளவுகள்

ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கே குழுவினர், தன்னார்வலர் ஒருவரின் இடுப்பு வட்டுக்குள் உணர்கருவியைச் செலுத்தி அன்றாட அசைவுகளின்போது அழுத்தத்தை அளந்தனர். முடிவுகள் 1999இல் வெளியாயின. படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல்; நிற்கையில் 0.5, சாய்மானமின்றி உட்காருகையில் 0.46. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, உடலோடு அணைத்துப் பிடித்தபோது 1.1.

சென்னை வீடுகளில் வாரந்தோறும் தூக்கப்படும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனின் எடையும் ஏறத்தாழ அதே 20 கிலோதான். ஆதம்பாக்கத்தின் அடுக்ககங்களில் மாடிப்படி ஏற்றிக் கேனைப் போடும் இளைஞர் ஒரு நாளில் எத்தனையோ முறை இவ்வழுத்தத்தை ஏற்கிறார். முழங்காலை மடக்கி, கேனை வயிற்றோடு அணைத்துத் தூக்குவது அவருடைய தகடுகளுக்கு நேரடிப் பாதுகாப்பு. அக்கேன்களைக் கீழ்த்தளத்திலிருந்து ஏற்றும் வசதியைச் செய்து தருவது குடியிருப்பின் கடமை.

6.2 இரவும் பகலும்

பகலில் அழுத்தத்தால் வட்டிலிருந்து நீர் வெளியேறுகிறது. இரவில் படுக்கும்போது திரும்புகிறது. மனிதரின் உயரம் மாலைக்குள் ஒரு விழுக்காட்டளவு குறைந்து காலையில் மீள்வது இதனால்தான். வில்கேயின் அளவீட்டில் ஏழு மணி நேர உறக்கத்தின்போது வட்டின் அழுத்தம் 0.1 மெகாபாஸ்கலிலிருந்து 0.24க்கு ஏறியது. நீர் மீண்டதன் அடையாளம் அது. இவ்வோட்டம் பெரிய மூலக்கூறுகளின் போக்குவரத்துக்கு உதவுகிறது. இரவுப் பணியால் உறக்கம் சிதறுவோரின் உடல்நலக் கவலைகளில் வட்டையும் சேர்த்து எண்ண வேண்டும். எழுந்தவுடன் வட்டு நீரால் புடைத்து விறைத்திருப்பதால், முதல் அரை மணி நேரத்தில் ஆழமாகக் குனிவதையும் பளு தூக்குவதையும் தவிர்ப்பது நல்லது.

6.3 நிலை மாற்றம்

உட்காருதலோ நிற்றலோ தனித்தனியே குற்றமுடையவை ஆகா. மாறாமல் நீடிப்பதே தீங்கு. தியாகராய நகரின் துணிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்தவர்களின் நிலையைக் கருதி, கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கி 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அது மனித மதிப்புக்கான சட்டம். முதுகெலும்பு நலத்துக்கும் அதில் பங்குண்டு. அச்சட்டம் ஏட்டோடு நிற்காமல் ஒவ்வொரு கடையிலும் நடைமுறையாக வேண்டும். மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவருக்குத் தேவையானது இதன் மறுபக்கம்: அரை மணிக்கொரு முறை எழுந்து சில அடிகள் நடப்பது.

ஆஸ்திரேலியாவில் டேனியல் பெலாவி குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நெடுந்தொலைவு ஓடுவோரின் வட்டுகளில் நீர்ச்செறிவு ஓடாதவர்களைவிட மிகுதியாக இருந்தது. வேகநடைக்கும் மெல்லோட்டத்துக்கும் இணையான அசைவுகள் வட்டுக்கு உகந்தவையாகத் தோன்றின. ஆதம்பாக்கம் ஏரிக்கரை ஓரமோ தெருவிலோ நாள்தோறும் நடப்பதற்குச் செலவேதும் இல்லை. நடப்பதற்கேற்ற நடைபாதை வேண்டும் என்று கேட்பதும் மக்கள் நலக் கோரிக்கையே.

6.4 புகையும் சர்க்கரையும்

ஒருவர் புகைப்பவரும் மற்றவர் புகைக்காதவருமான ஒத்த இரட்டையரை ஒப்பிட்ட 1991ஆம் ஆண்டு பின்லாந்து ஆய்வில், புகைப்பவரின் இடுப்பு வட்டுகளில் சிதைவு மதிப்பெண் சராசரியாக 18 விழுக்காடு மிகுந்திருந்தது. மரபு ஒன்றாக இருந்தும் இவ்வேறுபாடு வந்தது. தகட்டை ஒட்டிய நுண்குழாய்கள் சுருங்குவது இதற்கு ஏற்புடைய விளக்கம்.

நீரிழிவிலும் நுண்குழாய்கள் பாதிக்கப்படுகின்றன. மிகுந்த சர்க்கரை கொலாஜனோடு பிணைந்து அதை விறைப்பாக்குகிறது. பல பத்தாண்டுகள் மாறாத கொலாஜனில் இப்பிணைப்பு தங்கிவிடும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்து 2023இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இந்நாட்டில் வட்டு நலம் பேசுவோர் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

7. செல் சிகிச்சை: நம்பிக்கையும் எல்லையும்

7.1 கருத்து

செல்கள் குறைந்ததால் வட்டு சிதைகிறதெனில், செல்களைச் செலுத்தி அதை மீட்கலாமா? எலும்பு மஜ்ஜை, கொழுப்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் இடையிலைக் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்), வட்டிலிருந்தே எடுத்து வளர்த்த செல்கள் ஆகியவை ஆராயப்படுகின்றன. இவை புதுத் திசுவாக மாறுவதைவிட, அழற்சியைத் தணித்து எஞ்சிய செல்களுக்கு ஊக்கமளிக்கும் என்பதே இன்றைய எதிர்பார்ப்பு.

7.2 கிடைத்த முடிவுகள்

சிறிய சோதனைகளில் வலி தணிந்ததாக முடிவுகள் வந்தன. மெசோபிளாஸ்ட் நிறுவனம் 404 பேரிடம் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. வலி, செயல்திறன் ஆகியவற்றைச் சேர்த்து வகுத்த முதன்மை இலக்கை அது எட்டவில்லை. நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவர்களிடம் வலி குறைந்ததைச் சுட்டி, மறு சோதனை தொடங்கப்பட்டது.

இலக்கு எட்டப்படாததற்குச் சாத்தியமான ஒரு காரணத்தை நான்காம் பகுதியில் கண்டோம். உணவு வரத்து அடைபட்ட வட்டில் இருக்கும் செல்களே பசியோடு வாழ்கின்றன. புதிதாகப் பல லட்சம் செல்களைச் சேர்த்தால் பங்கு கேட்போர் பெருகுவர். ஊசித்துளை வழியே செல்கள் வெளியே கசிந்து எலும்பு முளைகளை உண்டாக்கியதை 2012இல் முயல்களில் கண்டுள்ளனர். தகட்டின் நிலையைப் பார்த்து, யாருக்குச் செலுத்துவது, எப்போது செலுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் முறை வளர வேண்டும். கோவை ஆய்வுகளின் பயன் இங்கே மீண்டும் தெரிகிறது.

கோவைக் குழு 2020இல் கரு நிலையிலுள்ள மனித நடுக்கூழின் புரதங்களைப் பட்டியலிட்டது. வட்டு செழித்திருந்த பருவத்தில் எந்தெந்தப் புரதங்கள் இருந்தன என்று அறிந்தால், செல்லையே செலுத்தாமல் அப்புரதங்களின் வழியே இருக்கும் செல்களை எழுப்ப முடியுமா என்று ஆராயலாம்.

7.3 இந்திய விதிமுறை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள், ஒப்புதல் பெற்ற பயன்பாடுகளுக்கு அப்பாற்பட்ட குருத்தணுச் சிகிச்சையை மருத்துவச் சோதனையாக மட்டுமே நடத்தலாம் என்கின்றன. சோதனையில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக் கட்டணம் கேட்பது முறையன்று. ‘டிஸ்க்குக்கு ஸ்டெம் செல் ஊசி’ என்ற விளம்பரத்தைக் கண்டால், இது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் உள்ளதா, நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா, பணம் ஏன் கேட்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். வலியால் துவண்டவரின் நம்பிக்கையைப் பணமாக்குவது கொடுமை. அதைத் தடுக்க விழிப்புள்ள வாசகரால் முடியும்.

முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

ஒன்று: வட்டின் வலிமை அக்ரிகன் பிடித்து வைக்கும் நீரிலும் கொலாஜன் வலையிலும் உள்ளது, இரண்டையும் ஆக்கிக் காப்பவை, பருமனில் ஒரு விழுக்காடே உள்ள செல்கள்.

இரண்டு: அச்செல்கள் குறைந்த ஆக்சிஜனில் வாழப் பழகியவை; குளுக்கோஸ் தடைபட்டால் மடிபவை. உணவு வழியான குருத்தெலும்புத் தகடே வட்டின் ஆயுளைத் தீர்மானிப்பதில் முன்நிற்கிறது. உயிருள்ள மனிதரில் இதைக் காட்டியதில் கோவை ஆய்வுகளுக்குச் சிறப்பிடம் உண்டு.

மூன்று: மரபை மாற்ற இயலாது. அசைவு, உறக்கம், தூக்கும் முறை, புகையின்மை, சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவை நம் கையில் உள்ளன. ஒவ்வொன்றும் செல்லுக்குப் போகும் உணவையோ, செல் ஏற்கும் சுமையையோ சீர்செய்கிறது.

நான்கு: செல் சிகிச்சை ஆராயத்தக்கது, இன்னும் கடைச்சரக்காகத் தகுதி பெறவில்லை. உணவு வழியைக் கணக்கில் கொள்ளாத எந்தச் செல் சிகிச்சையும் நிலைக்க வாய்ப்புக் குறைவு.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குபவரிடம் மருத்துவரும் உறவினரும் சொல்ல வேண்டியது இதுதான்: உங்கள் வட்டில் இப்போதும் செல்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன, அவற்றுக்கு உணவு சேரும்படி வலி தாங்கும் அளவுக்கு நடங்கள், நன்றாக உறங்குங்கள், புகையை விடுங்கள். பள்ளிகளில் பதின்ம வயதினருக்கும், தொழிற்பேட்டைகளிலும் கடைகளிலும் வேலைசெய்வோருக்கும் இவ்வறிவு எளிய தமிழில் போய்ச்சேர வேண்டும். சிதைவு பதினொரு வயதிலேயே தொடங்கக்கூடும் எனில், தடுப்பும் அங்கிருந்தே தொடங்குவதுதான் முறை.